முனியாண்டியின் முதல் எழுத்து



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு நற்சான்றிதழ் அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் தந்தையார் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் இட வேண்டும். பெயர்ப்பட்டியல் கணினியில் இருந்தது. கையால் எழுதினால் அரை நாள் போதும். நானோ கணினி மன்றப் பொறுப்பாசிரியர் என்ற மிதப்பில், ஜாவா மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். தந்தை பெயரை எடு, அதன் முதலெழுத்தை வெட்டு, புள்ளி வை, பிள்ளையின் பெயரைச் சேர். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அச்சாகி வந்தன. நான் சரிபார்க்கவில்லை.

விழா முடிந்ததும் ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறிய பின், லயத்து வீட்டை விட்டு ஈப்போ புறநகரில் குடியேறியவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். சான்றிதழின்மேல் விரலை வைத்துச் சொன்னார்.

"வாத்தியாரையா, எம்மகன் பேரு முனியாண்டி. 'மு'ன்னுல்ல வரணும்? இங்க 'ம'ன்னு இருக்கே. புள்ளைக்கு அப்பா இல்ல. பேராவது சரியா இருக்கட்டும்."

எனக்கு நா எழவில்லை. மற்றச் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்தேன். கோவிந்தனின் பிள்ளைக்கு 'க'. சுப்பையாவின் பிள்ளைக்கு 'ச'. பெருமாளின் பிள்ளைக்கு 'ப'. ஆறுமுகமும் அருணாசலமும் மட்டுமே தப்பித்திருந்தார்கள். கணினி ஏன் இப்படிச் செய்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது, தொல்காப்பியத்தில் தொடங்கி ஆஸ்லோ நகர் வழியாகச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் வரை நீளும் ஒரு வரலாறு கிடைத்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

சொல்லை வெட்டுவது நமக்குப் புதிதன்று

ஒரு சொல்லின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாளும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், செய்யுளில் சொல் குறைந்து வரும் மூன்று வகைகளைக் கூறுகிறது. 'தாமரை' என்பது 'மரை' என நின்றால் முதற்குறை. 'ஓந்தி' என்பது 'ஓதி' என நின்றால் இடைக்குறை. 'நீலம்' என்பது 'நீல்' என நின்றால் கடைக்குறை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் மனப்பாடம் செய்தவைதாம் இவை.

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் தரும்படி பாடுவது அக்கரச்சுதகம். எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. நம் மாணவர் அனைவரும் அறிந்த 'விகடகவி' இதன் எளிய எடுத்துக்காட்டு.

இத்தனை விளையாட்டுக்கும் அடிப்படை ஒன்றே. வெட்டும் அலகு எழுத்து. எழுத்து எது என்பதில் புலவருக்கும் கேட்பவருக்கும் ஐயம் இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று நாம் இன்றும் வகுப்பில் சொல்லித் தருகிறோம். 'மு' ஓரெழுத்து. அதை 'ம' என்றும் ஒரு கொக்கி என்றும் பிரித்து எந்தப் புலவரும் எண்ணியதில்லை.

ஆஸ்லோவில் பிறந்த கத்தரிக்கோல்

கணினி நிரலாக்கத்தில் எழுத்துகளின் வரிசையைச் சரம் என்கிறோம். பூச்சரம் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. அதன் ஒரு பகுதியை எடுத்தால் அது துணைச்சரம்.

நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோவில், நார்வே கணிமை நடுவத்தில் பணியாற்றிய ஓலெ-யூகான் டால், கிறிஸ்டென் நிகார்ட் என்னும் இரு அறிஞர்கள் 1967-இல் சிமுலா 67 என்னும் மொழியை வடிவமைத்தனர். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாய்மொழி இதுவே. தரவையும் அத்தரவின்மீது செய்யக்கூடிய செயல்களையும் ஒன்றாகக் கட்டிப் 'பொருள்' ஆக்கும் முறை இங்குதான் உருப்பெற்றது. இப்பணிக்காக இருவருக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

பொருள்நோக்கு என்றால் என்ன? பெற்றோர்க்கு விளங்கும்படி சொல்கிறேன். பழைய முறையில் சரம் என்பது மேசைமேல் கிடக்கும் துணி. கத்தரிக்கோல் நம் கையில். புதிய முறையில் சரம் என்பது துணிக்கடைக்காரர். "இந்த இடத்திலிருந்து இவ்வளவு கொடுங்கள்" என்று நாம் கேட்கிறோம். வெட்டித் தருவது அவர் வேலை. சிமுலாவில் உரைச் சரத்திடம் 'சப்' என்ற செயலை வேண்டினால், எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனை எழுத்து என்ற இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். முதல் இடத்தின் எண் 1.

பின்வந்த மொழிகள் இதே வேண்டுகோளை வெவ்வேறு விதமாக ஏற்றன. 1970-களில் அமெரிக்காவின் சிராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கேயின் குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி, 'இங்கிருந்து இதுவரை படியெடு' என்று கேட்டது. சி++ மொழியில் தொடக்க இடமும் நீளமும் தர வேண்டும். எண்ணுவது 0 முதல். ஜேம்ஸ் காஸ்லிங் வடிவமைத்து, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் அறிவித்த ஜாவாவிலோ தொடக்க இடமும் முடிவிடமும் தர வேண்டும். முடிவிடத்தில் உள்ளது சேராது. மொழி மாறிப் பயிலும் மாணவர் ஓரெழுத்து முன்னே பின்னே தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிமுலாவில் வெட்டியெடுத்த துண்டு தனித் துண்டன்று; மூலத்தின் ஒரு பகுதிக்கு வைத்த சாளரம் மட்டுமே. துண்டில் எழுதினால் மூலமும் மாறும். ஜாவாவிலோ சரம் பிறந்த பின் மாறாது. எடுப்பது புதுச் சரம். ஆயினும் உள்ளே நெடுங்காலம் இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு பெரிய நூலிலிருந்து ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்திருந்தாலும், அந்தச் சொல்லின் பொருட்டு நூல் முழுவதும் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். 2012-இல் ஜாவா 7-இன் ஒரு திருத்தப் பதிப்பில்தான் துண்டைத் தனியே படியெடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

என் நிரல் கேட்டது இதுதான்: சப்ஸ்ட்ரிங்(0, 1). அதாவது, முதல் இடத்தில் உள்ளதை மட்டும் கொடு. கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். அவர் கணக்கில் முதல் இடத்தில் இருந்தது 'ம'.

தமிழுக்கு இடம் ஒதுக்கிய கதை

1990-களில் இணையத்தில் தமிழ் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துரு. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் திறந்தால் கிறுக்கல். இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததில் நம் நாட்டுக்கும் அண்டை நாட்டுக்கும் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995-இல் இணையத்தில் தமிழ்ப் பக்கத்தை ஏற்றினார். 1997-இல் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் கூடியது. நம் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கி, பின்னர் முரசு அஞ்சலாக உலகத் தமிழர் கையில் கொடுத்தார். மின்மடற் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் கலந்துபேசி உருவாக்கிய தரம் திஸ்கி. 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. 2000-இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

திஸ்கி முறையில் 'மு' என்பதற்குத் தனி இடம் ஒன்று இருந்தது. 'க்' போன்ற மெய்களுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் 'கோ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் எனச் சேமிக்கப்பட்டது. ஆக, அன்று நான் திஸ்கியில் நிரல் எழுதியிருந்தால் முனியாண்டி பிழைத்திருப்பார். கோவிந்தனுக்கு வெறும் கொம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்!

இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இந்தியா வகுத்திருந்த இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. அதில் உயிர்கள், அகரமேறிய மெய்கள், துணைக்குறியீடுகள், புள்ளி ஆகியவற்றுக்கே இடம். 'மு' என்பது 'ம' என்ற ஓர் அலகும் உகரக்குறி என்ற ஓர் அலகும் சேர்ந்தது. 'முனியாண்டி' நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்குப் பத்து அலகு. 'தமிழ்' நமக்கு மூன்று, கணினிக்கு ஐந்து. 'ஈப்போ' நமக்கு மூன்று; கணினிக்கு அதுவும் ஐந்து.

இங்கே தமிழாசிரியர் உற்றுநோக்க வேண்டிய ஒன்று உள்ளது. 'க்' என்னும் மெய்யும் 'அ' என்னும் உயிரும் சேர்ந்தால் 'க' என்று நாம் கற்பிக்கிறோம். ஒருங்குறியிலோ 'க' என்பதே அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால்தான் 'க்'. நாம் கூட்டுவதை அது கழிக்கிறது. புள்ளி பெறுவது மெய், புள்ளி நீங்கினால் அகரம் ஏறும் என்று எழுத்தின் வடிவத்தைத் தொல்காப்பியமும் விளக்குகிறது. ஒருங்குறி எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றியது. நம் பெருக்கல் வாய்பாடோ ஒலியைப் பின்பற்றியது. இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டையும் ஒன்றென மயங்கினால் பிழை நேரும்.

நன்னூலின் 'நீலம்', 'நீல்' எடுத்துக்காட்டையே பாருங்கள். கணினியில் 'நீலம்' என்பது ந, ஈகாரக்குறி, ல, ம, புள்ளி என ஐந்து அலகு. 'நீல்' என்பது ந, ஈகாரக்குறி, ல, புள்ளி என நான்கு. அதாவது, நடுவிலுள்ள 'ம'வை மட்டும் நீக்கினால் போதும்! நமக்குக் கடைக்குறையாக இருப்பது கணினிக்கு இடைக்குறை ஆகிவிடுகிறது. 'விகடகவி'யை அலகு அலகாகத் திருப்பினால் முதலில் வருவது ஓர் ஒற்றை இகரக்குறி. மாலைமாற்று இல்லை என்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடும்.

இரண்டு அலகு எடுத்தால் தீருமா?

பிழை தெரிந்ததும் எனக்குத் தோன்றிய முதல் மருத்துவம், ஒன்றுக்குப் பதில் இரண்டு அலகை எடுப்பது. முனியாண்டி 'மு' ஆனார். மகிழ்ந்தேன். அருணாசலம் 'அர' ஆனார். அந்த மகிழ்ச்சியும் போயிற்று.

கோவிந்தன் கதை இன்னும் விந்தை. ஒருங்குறியில் ஓகாரக்குறியை ஒரே அலகாகவும் எழுதலாம். ஏகாரக்குறியும் காலும் என இரண்டு அலகாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாம் முறையில் எழுதிய கோவிந்தனை இரண்டு அலகில் வெட்டினால் 'கே' என்று வரும். கோவிந்தன் கேசவன் ஆகிவிடுவார்!

ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மணியம், மாரிமுத்து, முனியாண்டி மூவருக்கும் 'எம்' ஒன்றே. ஒரு தட்டில் ஓரெழுத்து என்ற உலகில் பிறந்த கருவி அது. அதை வடித்தவர்கள் நம்மை வெறுத்தார்கள் என்பதில்லை. நம்மை அறியவில்லை, அவ்வளவே.

'துண்டு' என்ற சொல்லுக்குப் பேராக்கில் வேறொரு நினைவும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் வெளிநாட்டுக் குழுமங்கள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களைச் சிறு சிறு பகுதிகளாக விற்றன. அதைத்தான் நம்மவர் தோட்டத் துண்டாடல் என்றனர். அளந்தவர்க்கு அது ஏக்கர்க் கணக்கு. லயத்தில் வாழ்ந்தவர்க்கு வேலை, வீடு, பள்ளி, கோயில் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்று. சுங்கை சிப்புட்டின் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர் தாமே தோட்டங்களை வாங்கட்டும் என்பதற்காகத்தான். வெட்டுமுன், எது பிரிக்கக்கூடாத ஒன்று என்று கேட்க வேண்டும். நிலத்துக்கும் அது பொருந்தும், எழுத்துக்கும் பொருந்தும்.

தீர்வு தேடியவர்கள்

தீர்வுகள் பல திசைகளிலிருந்து வந்தன. எல்லாத் தமிழெழுத்துக்கும் தனித்தனி இடம் தந்தால் தொல்லையே இல்லை என்பது ஒரு வழி. அவ்வாறு அமைந்த டேஸ் 16 என்னும் முறையை 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. எனினும், உலகெங்கும் கைப்பேசியிலும் கணினியிலும் வேரூன்றியது ஒருங்குறியே.

மற்றொரு வழி, அலகை மாற்றாமல் வெட்டும் முறையை மாற்றுவது. படிப்பவர் ஓரெழுத்தாகக் காணும் அலகுக் கூட்டத்தின் எல்லைகளை ஒருங்குறியே விதிகளாக வகுத்துத் தந்துள்ளது. ஜாவாவிலும் இதற்கான கருவி 1997-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. பிரேக் இட்டரேட்டர் என்று பெயர். இருந்தும் நான் அறியாமல் இருந்தேன் என்பதே உண்மை. 2014-இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி ஒரு படி மேலே சென்று, எழுத்து என்றாலே இந்தக் கூட்டம்தான் என்று வைத்துக்கொண்டது. அதனிடம் 'தமிழ்' எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்று என்கிறது. பைத்தான் மொழியில் எழுதுவோர்க்கு, 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தோழர்களும் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற தொகுப்பு உண்டு. அது சரத்தைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும்.

ஆனாலும் ஆசிரியருக்கு வேலை முடிந்துவிடவில்லை. 'ஸ்ரீதரன்' என்ற பெயரைக் கொடுத்தால் இந்த விதிகள் 'ஸ்' என்று நிறுத்திவிடும். 'க்ஷ' என்பதையும் இரண்டாகப் பிரிக்கும். 2019-இல் முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளை ஒருங்குறி சேர்த்துக்கொண்டது. அவை ஜாவாவில் ஒவ்வொன்றும் இரண்டு அலகு. பழைய முறையில் வெட்டினால் முந்திரியும் பாதியாகும். 320-இல் ஒரு பங்கு முந்திரி. அதிலும் பாதி என்றால் என் செய்வது!

வகுப்பறைக்கு

இன்று எங்கள் கணினி மன்றத்தில் நிரல் பயிலும் மாணவர்க்கு நான் முதலில் தரும் பயிற்சி இதுதான். உன் பெயரைத் தாளில் எழுது. எத்தனை எழுத்து என்று எண்ணு. பிறகு கணினியிடம் கேள். இரண்டு விடையும் ஏன் வேறுபடுகின்றன? இந்த ஒரு கேள்வியில் இலக்கணமும் கணிமையும் ஒன்றாக அமர்ந்துவிடுகின்றன. உயிர்மெய் என்றால் என்ன என்று பத்து முறை சொல்லியும் விளங்காத பிள்ளைக்கு, தன் பெயர் உடைவதைக் கண்டதும் விளங்கிவிடுகிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பெயரைத் தமிழில் அச்சிட்ட எதுவாயினும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கணினி அச்சிட்டது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அன்று பிழையைக் கண்டது கணினி பயின்ற நான் அல்லேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பாட்டி.

மறுநாள் எல்லாச் சான்றிதழ்களையும் திருத்தி அச்சிட்டேன். இம்முறை ஒவ்வொன்றையும் கண்ணால் படித்தேன். பாட்டியின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, 'மு' என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு சான்றிதழைப் பேரனிடம் கொடுத்து, "இதுதாண்டா உங்க அப்பா" என்றார்.

தமிழ் எழுத்தைப் பாதியில் வெட்டாதீர்கள் என்று என் மாணவர்களிடம் நான் சொல்லும்போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் ஒலிக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன், ஈப்போ